நெட்டு இருக்குது, ஓடலை

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணி ஆனாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். அப்போது துபாயில் இரண்டரை, சவூதியில் ஒன்றரை. ஜும்மா தொழுது, சாப்பிட்டு, அறைக்குத் திரும்பிய எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வீட்டைக் கூப்பிடுவார்கள். பெரியபட்டினம், புதுமடம், வேதாளை, மரைக்காயர்பட்டினம் என்று இந்தக் கடற்கரையில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் வளைகுடாவில் ஆள் இருக்கிற நாலு வீடாவது இருக்கும்.

ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவே ஒரு ஊரில் நான் இணைய இணைப்பு கொடுக்கிறேன். உரிமம் வைத்திருக்கிற ஒரு பெரிய நிறுவனத்திடம் மொத்தமாக வாங்கி வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் சின்னத் தொழில். கடைத்தெருவுக்கெல்லாம் ஃபைபர் இழுத்தாயிற்று. பனங்காட்டுக்கு அந்தப்புறமும் கடலோரக் குடியிருப்புகளுக்கும் இன்னும் வயர்லெஸ்தான். நம் பக்கம் கோபுரம், வீட்டுக் கூரைகளில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு டிஷ்.

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, சரியாக நாலேகாலுக்கு, கடலோரத் தெருவிலிருந்து, லாத்தா என்று நான் அழைக்கிற ஒரு அக்கா கூப்பிட்டார்.

"தம்பி, நெட்டு இருக்குது, ஆனா ஓடலை. அவுக மொகம் அப்படியே நிக்கிது. பேச்சு மட்டும் கெணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி வருது."

"லாத்தா, யூடியூப் ஓடுதா?"

"அதெல்லாம் ஓடுது. சின்னவன் கார்ட்டூன் பாத்துக்கிட்டுத்தான் இருக்கான்."

கோபுரத்தில் நெரிசலா என்று பார்த்தேன். பாதி கூட நிரம்பவில்லை. அவர் வீட்டு டிஷ்ஷுக்கு சிக்னல் நன்றாக இருக்கிறது. கார்ட்டூன் ஓடுகிறது, கணவர் முகம் மட்டும் ஓடவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அந்த வீட்டில் என்ன கண்டுபிடித்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் நான் இந்தத் தொழிலை எப்படித் தப்பாகக் கற்றுக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும்.

ராமநாதபுரத்தில் எனக்கு ஒரு பிரௌசிங் சென்டர் இருந்தது. எட்டு கம்ப்யூட்டர், 512 கேபிபிஎஸ் இணைப்பு ஒன்று, மணிக்கு இருபது ரூபாய். எட்டுப் பேரும் உட்கார்ந்தால் ஆளுக்கு 64. ஒரு புகைப்படம் மேலிருந்து கீழே சாரல் மாதிரி இறங்கும். அந்தக் காலத்தில் தமிழ்ச் செய்தித் தளங்கள் பலவும் தமக்கென்று தனி எழுத்துருவைச் சுமந்துகொண்டு வரும். எட்டுப் பேர் ஒரே பேப்பரைத் திறந்தால் அந்த ஒரே எழுத்துரு எட்டு முறை இறங்கும். அதைப் பார்த்து வயிறு எரிந்துதான் ஸ்க்விட்டுக்குப் போனேன்.

ஸ்க்விட் என்றால் கணவாய். கடற்கரைக்காரன் ஒருவன் கணவாயைக் கட்டி இணையம் நடத்தினான் என்று சொல்லிச் சிரிக்கலாம், ஆனால் அது நல்ல மென்பொருள். 1996 முதல் இருக்கிறது, இலவசம். வாடிக்கையாளருக்கும் வெளியுலகத்துக்கும் நடுவே உட்கார்ந்துகொள்ளும். முதல் ஆள் கேட்ட பக்கத்தை வெளியிலிருந்து கொண்டுவரும்போதே ஒரு பிரதியை வட்டில் எடுத்து வைக்கும். அடுத்த ஆள் அதையே கேட்டால் வெளியே போகாமல் வட்டிலிருந்து எடுத்துக் கொடுக்கும். இதற்குப் பெயர் கேஷ். "பணம் எண்ற மிசினாடா?" என்று அப்பா கேட்டார். ஒரு வகையில் ஆமாம் என்றேன்.

பழைய பென்டியம் பெட்டி ஒன்றில் அதை ஏற்றினேன். இணையப் பக்கங்கள் போகிற 80 நம்பர் கதவு வழியாகப் போகிற எல்லாவற்றையும் ஸ்க்விட்டின் 3128 நம்பர் கதவுக்குத் திருப்பிவிட்டேன், யாருக்கும் தெரியாமல். மறுநாளே சென்டர் பறந்தது. எனக்குத் தலைக்கனம் ஏறியது.

ஆனால் வட்டு நிறையும்போதுதான் நிஜமான வேலை தொடங்குகிறது. எதை வைத்துக்கொள்வது, எதை எறிவது? ரொம்ப நாளாக யாரும் தொடாததை எறி என்பது ஸ்க்விட்டின் இயல்பான வழக்கம். இன்னொரு வழி, சின்னச் சின்னக் கோப்புகளை அதிகம் வைத்துக்கொள்வது. நூறு பேர் கேட்டால் நாற்பது பேருக்கு வட்டிலிருந்தே கிடைக்கும், புள்ளிவிவரம் பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் கிடைப்பதெல்லாம் லோகோவும் பொத்தான் படமும்தான். மிச்சமாகிற பேண்ட்வித் சொற்பம். மூன்றாவது வழி, பெரிய கோப்பென்றாலும் அடிக்கடி கேட்கப்படுவதைப் பிடித்து வைப்பது. கேட்டவர்களில் கொஞ்சம் பேருக்குத்தான் கிடைக்கும், ஆனால் காசு மிச்சமாகும். நான் மாதக்கணக்கில் அந்த ஜோரான புள்ளிவிவரத்தைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தேன். பில் மட்டும் குறையவே இல்லை. எத்தனை தடவை கிடைத்தது என்பதும் எத்தனை பைட் மிச்சமானது என்பதும் வேறு வேறு என்று புரிய எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.

அடுத்தது பேராசை. ஒவ்வொரு பக்கமும் "என்னை இத்தனை நேரம் வரை வைத்துக்கொள்ளலாம்" என்று ஒரு குறிப்போடு வரும். சில பக்கங்கள் "வைக்கவே கூடாது" என்று சொல்லும். ஸ்க்விட்டில் அந்தக் குறிப்பை மதிக்காமல் விட வழி உண்டு. தளம் சொல்லும் காலாவதியைப் புறக்கணி, வாடிக்கையாளர் ரீலோட் அழுத்தினாலும் புறக்கணி என்று இரண்டு மூன்று வார்த்தை சேர்த்தால் போதும். சேர்த்தேன். எல்லாப் பக்கமும் குறைந்தது ஒரு நாள் வட்டில் இருக்கட்டும் என்று எழுதினேன்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாள். பத்து மணிக்கு முடிவு. ஒன்பதரைக்கே சென்டர் வாசலில் கூட்டம், கையில் நம்பர் எழுதிய துண்டுச் சீட்டு. யாரோ ஒரு பையன் ஒன்பதே முக்காலுக்கே தளத்தைத் திறந்து பார்த்திருக்கிறான். "முடிவுகள் 10 மணிக்கு வெளியாகும்" என்று ஒரு பக்கம் வந்திருக்கிறது. கணவாய் அதைக் கவ்விக்கொண்டது.

பத்து அடித்தது. பத்தேகால் ஆனது. எட்டு கம்ப்யூட்டரிலும் "முடிவுகள் 10 மணிக்கு வெளியாகும்". ரீலோட், ரீலோட், ரீலோட். அதையும் மதிக்காதே என்று சொல்லி வைத்தவன் நானாயிற்றே. எதிர்த்த கடையில் ரிசல்ட் வந்துவிட்டது என்று ஒருவன் கத்திக்கொண்டு ஓடினான். என் கடையில் ஒரு பிள்ளை அழ ஆரம்பித்தாள். நம்பர் இல்லாததால்தான் பக்கம் வரவில்லை என்று அவளாகவே முடிவு செய்துவிட்டாள். அவள் அப்பா வாய் பேசாமல் நின்றார். எனக்குப் புரிந்தபோது பத்தரை. பெட்டியின் வயரைப் பிடுங்கி, இணைப்பை நேராக ரவுட்டரில் செருகினேன். அவள் பாஸ். நல்ல மதிப்பெண்தான். அந்த முக்கால் மணி நேரத்துக்கு நான் காசு வாங்கவில்லை என்பதைத் தவிர அவளுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அன்று ராத்திரி அந்த வரிகளை அழித்தேன். தளம் என்ன சொல்கிறதோ அதை மதிப்பது என்று வைத்துக்கொண்டேன். மிச்சம் கொஞ்சம் குறைந்தது, தூக்கம் வந்தது.

கேஷ் பெட்டிக்கு இன்னொரு முகமும் இருந்தது. யார், எப்போது, எந்தப் பக்கம் பார்த்தார்கள் என்று வரிக்கு வரி எழுதி வைக்கும். வயர்லெஸ்ஸில் வீடுகளுக்குக் கொடுக்கத் தொடங்கியபோது ஒரு தகப்பனார் வந்து, "ராத்திரி பன்னண்டு மணிக்கு மகன் என்ன பாக்குறான்னு உனக்குத் தெரியுமாம்ல?" என்றார். தெரியாது என்று பொய் சொன்னேன். ஊருக்குள் நெட் கொடுக்கிறவன் ஊர் ரகசியத்தையும் சுமக்க வேண்டியிருந்தது.

அந்தச் சுமையை எச்.டி.டி.பி.எஸ், அதாவது பக்கத்தைப் பூட்டி அனுப்புகிற முறை, இறக்கி வைத்தது. அமெரிக்க உளவுத்துறை இணையத்தை வேவு பார்ப்பதை 2013-ல் ஸ்னோடன் வெளியிட்டதற்குப் பிறகு பெரிய தளங்கள் எல்லாம் வேகமாகப் பூட்டுப் போட ஆரம்பித்தன. 2015 டிசம்பரில் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு, அந்தப் பூட்டுக்குத் தேவையான சான்றிதழை இலவசமாகப் பொதுமக்களுக்குத் திறந்தது. 2018 ஜூலையில் குரோம், பூட்டில்லாத தளங்களைப் "பாதுகாப்பற்றது" என்று முகத்திலேயே எழுதியது. என் கணவாய்க்கு இரை குறைந்துகொண்டே வந்தது. பூட்டிய பெட்டி எந்தத் தளத்துக்குப் போகிறது என்பதுதான் தெரியும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாதபோது எதை எடுத்து வைப்பது?

அதற்கும் ஒரு குறுக்கு வழி இருப்பதாகச் சாதனம் விற்க வந்த ஒருவர் சொன்னார். வாடிக்கையாளர் கம்ப்யூட்டரில் நம்முடைய சான்றிதழை ஏற்றிவிட்டால் நாமே பூட்டைத் திறந்து, எடுத்து வைத்து, மறுபடி பூட்டி அனுப்பலாமாம். பூட்டு செய்து கொடுத்த ஆசாரி தன்னிடமும் ஒரு சாவியை வைத்துக்கொள்கிற கதை. அந்தக் கம்பிக்குள் வங்கிக் கடவுச்சொல்லும் போகிறது. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

கேஷ் செத்துவிட்டதா என்றால், இல்லை, இடம் மாறிவிட்டது. கூகுள், நெட்ஃப்ளிக்ஸ், மெட்டா எல்லாரும் தங்கள் கேஷ் பெட்டிகளைத் தாங்களே செய்து, இணைய இணைப்பு கொடுக்கிற பெரிய நிறுவனங்களின் கட்டடத்துக்குள் கொண்டுபோய் வைக்கிறார்கள். பூட்டும் அவர்களுடையது, சாவியும் அவர்களுடையது, அதனால் சிக்கல் இல்லை. நீங்கள் பார்க்கும் யூடியூப் படம் அமெரிக்காவிலிருந்து வருவதில்லை. பெரும்பாலும் சென்னைக்குள்ளேயோ அதைவிடப் பக்கத்திலோ இருக்கிற பெட்டியிலிருந்து வருகிறது. ஆனால் அந்தப் பெட்டி வேண்டுமென்றால் ஜிகாபிட் கணக்கில் போக்குவரத்து வேண்டும். சில நூறு வீட்டுக்காரனுக்கு வைக்க மாட்டார்கள். நான் செய்ய முடிந்ததெல்லாம், எனக்கு மொத்தமாகக் கொடுக்கிற நிறுவனம் அந்தப் பெட்டிகளுக்கு நேர்வழி வைத்திருக்கிறதா என்று கேட்டுப் பார்த்து வாங்குவதுதான். வெறும் எம்பி கணக்கை மட்டும் பார்த்து விலை பேசுகிற சின்ன ஆபரேட்டர்கள் இதைக் கேட்பதே இல்லை.

இதில் ஒரு குழியில் நானே விழுந்தேன். தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண் முகவரியைத் தேடித் தருவது டி.என்.எஸ். வேகமாகத் தேடித் தரும் என்று நம்பி வாடிக்கையாளர் எல்லாருக்கும் வெளியிலிருந்து ஒரு டி.என்.எஸ்-ஐப் போட்டுக் கொடுத்தேன். எந்தப் பெட்டியிலிருந்து படம் வர வேண்டும் என்பதைச் சில நிறுவனங்கள், பெயரைக் கேட்கிற டி.என்.எஸ் எங்கே இருக்கிறது என்பதை வைத்துத்தான் தீர்மானிக்கின்றன. கேட்கிறவன் வேறு ஊரில் இருந்தால் படமும் வேறு ஊரிலிருந்து கிளம்பும். பக்கத்துக் கடையில் இருக்கிற சாமானை மும்பையிலிருந்து வரவழைத்துக்கொண்டிருந்தேன். இப்போது என் அறையிலேயே அன்பவுண்ட் என்ற டி.என்.எஸ் மென்பொருள் ஓடுகிறது. ஒரு தடவை கேட்ட பெயரை அதன் ஆயுள் முடியும் வரை நினைவில் வைத்திருக்கும். ஒரு பக்கம் திறக்கப் பத்து இருபது பெயர் தேட வேண்டியிருக்கும் காலத்தில், அந்தச் சின்ன கேஷ் மிச்சப்படுத்துவது பைட்டை இல்லை, காத்திருப்பை. இது தவிர விண்டோஸ் அப்டேட், ஸ்டீம் விளையாட்டு மாதிரிச் சில கனமான இறக்கங்கள் இன்னும் பூட்டில்லாமல் வருகின்றன. கோப்பு சரிதானா என்று சோதிக்கத் தனிக் கையொப்பம் இருப்பதால் அவர்களுக்கு அது போதும். அவற்றுக்காக ஒரு பெட்டி வைத்திருக்கிறேன். முழு ஆண்டுத் தேர்வு லீவில் பையன்கள் ஒரே விளையாட்டை வரிசையாக இறக்கும்போது மட்டும் அதற்கு மரியாதை.

சரி, லாத்தா வீடு.

உள்ளே போனதும் வீட்டில் இருக்கிற போன்களை எல்லாம் வாங்கி மேசையில் வைத்தேன். மூத்த மகன் அன்று காலைதான் கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கிறான், ஒரு நிக்காஹ் முடித்துவிட்டு. அவன் போன் வைஃபையைக் கண்டதும் கல்யாண வீடியோ முழுவதையும் மேகத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. லாத்தாவின் திட்டத்தில் இறக்கம், அதாவது டவுன்லோட், நொடிக்கு 20 எம்பி; ஏற்றம், அதாவது அப்லோட், 2. கார்ட்டூன் இறக்கத்தில் வருவதால் அதற்குப் பாதிப்பு இல்லை. பேச்சு ஏற்றத்திலும் போக வேண்டும்.

ஏற்றம் நிரம்பினால் ஆளுக்குப் பாதி கிடைக்க வேண்டியதுதானே, ஏன் பேச்சு நிற்க வேண்டும்? இதற்குப் பதில் கூரையில் இருந்த டிஷ்ஷுக்குள் இருந்தது. போக இடமில்லாத பாக்கெட்டை, அதாவது தரவின் சின்னப் பொட்டலத்தை, எறியாமல் வரிசையில் நிறுத்தி வைக்க அதில் ஒரு கிடங்கு இருக்கிறது. ஆயிரம் பாக்கெட் பிடிக்கும் என்று வையுங்கள். ஒன்று 1500 பைட். மொத்தம் 15 லட்சம் பைட், அதாவது 1 கோடியே 20 லட்சம் பிட். நொடிக்கு 20 லட்சம் பிட் போகிற வழியில் அது காலியாக 6 நொடி. மகனின் வீடியோ அந்தக் கிடங்கை நிரப்பி வைத்திருக்கிறது. லாத்தா "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றால் அந்தச் சலாம் ஆறு நொடி வரிசையில் நின்றுவிட்டுத்தான் கடலைத் தாண்டும். குரல் ஒரு பக்கம் போக 150 மில்லி நொடிக்குள் இருந்தால்தான் பேச்சு பேச்சாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்கு. ஒரு பாக்கெட் போய்த் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்க பிங் போட்டேன். நாலாயிரம் மில்லி நொடியைத் தாண்டி ஓடியது. மகன் போனில் ஏற்றத்தை நிறுத்தியதும் இருபதுக்கு வந்தது.

பாம்பன் சாலைப் பாலத்தில் விடுமுறை நாளில் போனவர்களுக்கு இது விளங்கும். கடலைப் பார்க்க, ரயில் பாலத்தைப் படமெடுக்க எல்லா வண்டியும் பாலத்தின் மேலேயே நிற்கும். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு வருகிற 108 அதற்கு நடுவே அலறிக்கொண்டு நிற்கும். பாலத்தின் அகலத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. மேலே எத்தனை வண்டியைச் சேர விடுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கிடங்கு பெரிதாக இருந்தால் நல்லது என்று சாதனம் செய்கிறவர்களும் ரொம்ப நாள் நம்பினார்கள். நினைவகம் மலிவாகிப் போனது, அள்ளிப் போட்டார்கள். இந்த நோய்க்கு பஃபர்ப்ளோட் என்று ஜிம் கெட்டிஸ் என்ற கணினி வல்லுநர் பெயர் வைத்தார். மருந்தில் ஒன்றைக் கொடுத்தவர்கள் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும், 2012-ல். இந்த ஜேக்கப்சனின் கதை எனக்குப் பிடிக்கும். 1986-ல் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் நடுவே, வெறும் 400 கெஜ தூரத்தில், நொடிக்கு 32,000 பிட் போக வேண்டிய இணைப்பு 40 பிட்டுக்கு விழுந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் தள்ளியதால் யாருமே போக முடியவில்லை. கம்ப்யூட்டர்கள் நெரிசலை உணர்ந்து தாமாகப் பின்வாங்க வேண்டும் என்ற வழியை 1988-ல் எழுதினார். பின்வாங்க வேண்டுமென்றால் பாக்கெட் தொலைய வேண்டும். தொலைந்தால்தான் அனுப்புகிறவனுக்கு உறைக்கும். கிடங்கு பெரிதானதும் பாக்கெட் தொலையாமல் வரிசையில் தூங்கியது, யாருக்கும் உறைக்கவில்லை. 24 வருஷம் கழித்து அதே ஆள் திரும்பி வந்து, வரிசையின் நீளத்தைப் பார்க்காதே, ஒவ்வொரு பாக்கெட்டும் எவ்வளவு நேரம் நின்றது என்று பார், 5 மில்லி நொடிக்கு மேல் நிற்பது 100 மில்லி நொடிக்குத் தொடர்ந்தால் எறியத் தொடங்கு என்றார். கோடல் என்பது அதன் பெயர். அதோடு ஒவ்வொரு பேச்சுக்கும் இறக்கத்துக்கும் தனித் தனி வரிசை போட்டுச் சுற்றி வருவது எஃப்.க்யூ கோடல். அதில் இன்னும் கொஞ்சம் புத்தி சேர்த்து, வீட்டுக்கு வீடு சமமாகப் பிரிப்பது கேக். என் மைக்ரோடிக் ரவுட்டர்களில் மென்பொருளின் ஏழாம் பதிப்பு முதல் இரண்டுமே உண்டு.

லாத்தா வீட்டு ரவுட்டரில் ஏற்றத்தை 1.8 எம்பிக்கு அடக்கி, கேக் போட்டேன். ஏன் 2 இல்லை என்று என்னிடம் வேலை பார்க்கிற தம்பி கேட்டான். 2 என்று வைத்தால் வரிசை கூரையில் இருக்கிற டிஷ்ஷில் நிற்கும், அது நாம் சொல்வதைக் கேட்காது. 1.8 என்று வைத்தால் வரிசை நம் ரவுட்டரில் நிற்கும். வரிசை யார் வீட்டு வாசலில் நிற்கிறதோ அவர்தான் அதற்கு நாட்டாமை. மகனை மறுபடியும் ஏற்றச் சொன்னேன். லாத்தா அபுதாபிக்குக் கூப்பிட்டார். இரண்டும் ஓடியது. "என்ன தம்பி, வேகத்தைக் கூட்டிட்டியா?" என்றார். குறைத்திருக்கிறேன் என்று சொல்லவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு வீடாகப் போய் இதையே செய்தேன். கோபுரத்துக்கு மேலேயும், மொத்த இணைப்பு வந்து சேரும் இடத்திலும் இதே ஏற்பாடுதான். எந்த ஆப் என்று நான் பார்ப்பதில்லை. பார்க்கவும் முடியாது, எல்லாம் பூட்டியிருக்கிறது. சட்டமும் அப்படித்தான், தளத்துக்குத் தளம் பாரபட்சம் கூடாது என்ற விதியை அரசு 2018 ஜூலையில் ஏற்றுக்கொண்டது. வீட்டுக்கு வீடு சமம் என்று பிரித்துவிட்டால் யூடியூபை நெருக்கு, வாட்ஸ்அப்பை விடு என்று பட்டியல் எழுதுகிற வேலையே இல்லை. பத்து வருஷம் எதை எடுத்து வைக்கலாம் என்று தேடிக்கொண்டிருந்த நான், எது வரிசையில் நிற்கிறது என்று ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை என்பது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

கம்பியில் இவ்வளவோடு முடிந்துவிடும். காற்றில் முடியாது.

2018 அக்டோபரில் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று அரசு திறந்துவிட்டது. எங்களைப் போன்றவர்கள் பிழைப்பது அதில்தான். மழையால்தான் நெட் போகிறது என்று ஊரில் நினைப்பு. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மழை ஒரு பொருட்டே இல்லை. கெடுப்பது உப்பு. டிஷ்ஷுக்குக் கீழே செருகுகிற வயர்முனையில் ஒரு கச்சான் காற்றுப் பருவம் முடிவதற்குள் பச்சைக் களிம்பு ஏறிவிடும். நூறு எம்பியில் பேச வேண்டிய முனை பத்தில் பேசத் தொடங்கும், நாம் போட்ட வரிசைக் கணக்கெல்லாம் குப்பை. அதற்கடுத்தது கடலே. மண்டபத்திலிருந்து பாம்பனுக்குக் கடலுக்கு மேலாக ஒரு இணைப்பு வைத்திருந்தேன். பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்பார்கள், மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண் கடல். பெண் கடல் கண்ணாடி மாதிரிக் கிடக்கிற காலைகளில்தான் அந்த இணைப்பு விழும், அலை அடிக்கிற நாளில் ஒன்றும் ஆகாது. நேராக வருகிற ரேடியோ அலையோடு, அசையாத தண்ணீரில் பட்டுத் திரும்புகிற ரேடியோ அலையும் சேர்ந்து ஒன்றையொன்று தின்றுவிடுகிறது. டிஷ்ஷை மாடியின் விளிம்பிலிருந்து நாலடி உள்ளே தள்ளி வைத்தேன். கீழேயிருந்து வருகிற பிம்பத்தைக் கைப்பிடிச் சுவர் மறைத்துக்கொண்டது.

ஆனால் பெரிய வழக்கு கடைசி வீட்டுக்காரரோடுதான்.

கோபுரம் ஒரு நேரத்தில் ஒரு வீட்டோடுதான் பேசும். பக்கத்து வீட்டுக்கு நல்ல சிக்னல், நொடிக்கு 120 எம்பியில் பேசலாம். ஒரு பாக்கெட் 0.1 மில்லி நொடியில் முடிந்துவிடும். பனங்காட்டுக்கு அந்தப்புறம் இருக்கிற மீனவர் வீட்டுக்குச் சிக்னல் நொண்டி, 6 எம்பி. அதே பாக்கெட்டுக்கு 2 மில்லி நொடி, இருபது மடங்கு. ஆளுக்கு ஒரு பாக்கெட் என்று சமமாகப் பிரித்தால் நேரத்தில் பெரும்பங்கை அந்த ஒரு வீடு தின்றுவிடும். இருவருக்கும் ஆளுக்கு 6-க்கும் குறைவாகத்தான் கிடைக்கும். ஆளுக்கு இவ்வளவு நேரம் என்று பிரித்தால் பக்கத்து வீட்டுக்கு 60, கடைசி வீட்டுக்கு 3. இரண்டுமே சமம்தான். எது நியாயம்?

என் பெரியப்பா ஊர்க் கண்மாய்க்கு நீர்பாய்ச்சியாக இருந்தவர். தண்ணி குறைந்த வருஷங்களில் வயலுக்கு முறை போட்டு மடை திறப்பார். ஒரு நாள் ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து இதைச் சொன்னேன், பாக்கெட் என்ற சொல் இல்லாமல்.

"இதென்னடா புதுசா? கடைமடைக்காரனுக்கு அரை நாழி தொறந்து விட்டா, வாய்க்கா நனையறதுக்கே பாதி போயிரும். அவன் வந்து சண்டை போடுவான். அவனுக்கு ஒரு நாழி விட்டா முன்மடைக்காரன் மம்பட்டியத் தூக்கிட்டு வருவான்."

"நீங்க என்ன செஞ்சீங்க பெரியப்பா?"

"நேரத்தத்தான் சமமா விடணும். தண்ணிய அளந்து விட முடியாது, தண்ணிக்குக் கணக்குச் சொன்னா எவனும் நம்பமாட்டான். நேரம் எல்லாருக்கும் தெரியும். ஆனா ஒண்ணு. கோடையில கடைமடைக்காரன் வாய்க்கால நாங்க எல்லாரும் சேந்து செதுக்கிக் குடுப்போம். அவனைத் தனியா வெட்டுடான்னு விட்டா அவனும் வெட்டமாட்டான், ஒனக்கும் முறை நாறும்."

நேரத்தைத்தான் சமமாகப் பிரித்திருக்கிறேன். கடைசி வீட்டுக்காரர், விசைப்படகில் போகிறவர், வாரம் மூன்று நாள் கடலில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் வீட்டிலேயே இருப்பார். அப்போதுதான் எனக்குப் போன் வரும். "தம்பி, காசு எல்லாரும் ஒண்ணாத்தானே குடுக்குறோம்?" அதற்கு என்னிடம் பதில் இல்லை.

வாய்க்காலைச் செதுக்குவது என்றால் என் தொழிலில் கம்பத்தை உயர்த்துவது. கோபுரத்துக்கும் அவர் வீட்டுக்கும் ஐந்து கிலோமீட்டர். நடுவில் நேர்க்கோடு மட்டும் தெரிந்தால் போதாது. அந்தக் கோட்டைச் சுற்றிப் பாதி வழியில் எட்டு மீட்டர் ஆரத்துக்கு அலைக்கு இடம் வேண்டும், அதில் பாதிக்கு மேலாவது மறைப்பில்லாமல் இருக்க வேண்டும். அங்கே நிற்பது பனை. அறுபது எழுபது அடி. வெட்டுகிற பேச்சே கிடையாது. பனையை வெட்டி நெட் கொடுத்தவன் என்று பெயர் வாங்க எனக்கு விருப்பமில்லை, மாவட்ட ஆட்சியர் அனுமதியும் வேண்டும்.

போன மாதம் பெரியப்பா சொன்னபடி செய்து பார்த்தேன். முன்மடைக்காரர்கள் நாலு பேரிடம், அவர் பாதை சரியானால் கோபுரத்தின் நேரம் உங்களுக்கும் மிச்சமாகும் என்று சொல்லிக் கம்பத்துக்குப் பணம் கேட்டேன். இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர் ஐந்நூறு கொடுத்தார். லாத்தா, அவருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, வேறு கோபுரம், இரண்டாயிரம் கொடுத்தார்.

இரண்டு ஜி.ஐ. குழாய் வாங்கியாயிற்று. அவருடையது ஓட்டு வீடு, கூரையில் நட முடியாது. பக்கத்தில் வலை காயப்போடுகிற மேடை ஓரமாகக் குழி தோண்டிக் காங்கிரீட் போட்டிருக்கிறோம். மூன்று பக்கமும் இழுத்துக் கட்ட நைலான் கயிறு போதும் என்கிறார் அவர், படகுக்குக் கட்டுகிற கயிறு. இரும்புக் கம்பிதான் வேண்டும் என்கிறேன் நான். இரும்பு இந்த உப்பில் ஒரு வருஷம் தாங்காது என்கிறார். வாடைக்காற்று தொடங்குவதற்குள் இருவரில் ஒருவர் விட்டுக்கொடுத்தாக வேண்டும்.